எங்கள் வீட்டுப் பல்லே இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள்

என் மகனுக்கு அப்போது 4 வயது. ஓர் இரவு பல் துலக்கிவிடும்போது தற்செயலாக அவன் மேலுதட்டைத் தூக்கினேன். முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல் ஒரு வெள்ளை. தேய்த்தேன், போகவில்லை. கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தால் ஒரு பல்லில் அந்தக் கோட்டின் நடுவே லேசான பழுப்பு. பக்கத்தில் நின்ற அம்மா, "உங்க அப்பா வழியில எல்லாருக்குமே சொத்தைப் பல்லுதான். இவனுக்கும் அதே பல்லு" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டேதான் நானும் வளர்ந்தேன். 20 வயதுக்குள் எனக்கு இரண்டு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியபோதும் வீட்டில் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடைவாய்ப்பல்லின் பள்ளங்கள், உமிழ்நீரின் தன்மை, ஈறு நோய் சிலருக்கு வேகமாக முற்றுவது, இவற்றில் அதற்கு இடம் உண்டு. ஆனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து குடிக்கும் மைலோ என்ற இனிப்புப் பானம், இரவில் பல் துலக்காமல் படுப்பது, வலித்தால்தான் மருத்துவர் என்ற எண்ணம், இவையும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருபவைதான். அப்பாவுக்கு 40 வயதில் பல் ஆட ஆரம்பித்திருந்தால், பிள்ளைகள் இன்னும் முன்னதாகவே ஈறைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குடும்பக் கதை அதற்குத்தான் பயன்பட வேண்டும்.

சொத்தையை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். குழந்தைக்கு இது பெரும்பாலும் வளர்ப்பவரின் எச்சில் வழியாக வருகிறது. இதைத் தெரிந்துகொண்டதும் சிலர், பாட்டி ஊட்டிய கரண்டியைப் பிடுங்கி வைத்து வீட்டில் சண்டையை இழுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வேண்டாத சண்டை. ஒரே வீட்டில் இருக்கும்போது கிருமியை முழுவதும் தடுக்க முடியாது. பாட்டியின் வாயில் இருக்கும் சொத்தையை அடைத்து, ஈறையும் சுத்தம் செய்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. கிருமிக்குத் தீனி போடும் சர்க்கரையைக் குறைப்பது அதைவிட முக்கியம்.

அப்புறம், "பால் பல்லுதானே, விழுந்துடும்" என்ற நினைப்பு. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழுகின்றன என்பது சரி. பின்பக்கக் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்கும். 4 வயதில் சொத்தையானால் இன்னும் 6, 7 ஆண்டு அந்தப் பல்லோடுதான் பிள்ளை சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், வகுப்பில் உட்கார வேண்டும். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

இன்னொன்றைப் பல பெற்றோர் கவனிப்பதே இல்லை. சுமார் 6 வயதில், எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் ஒரு புதிய கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறோம். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சீக்கிரம் சொத்தையாவதும் அதுதான். நான் பறிகொடுத்த இரண்டும் அந்தப் பற்களே.

என் மகனின் வெள்ளைக் கோட்டுக்கு வருகிறேன். இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், அம்மாவும் பணிப்பெண்ணும்தான் பார்த்துக்கொண்டார்கள். புட்டி இருந்தால் அழ மாட்டான் என்று நானே பழக்கிவிட்டது அது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். வாயில் இருக்கும் பால், மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பித்துவிடும். அந்த வெள்ளைக் கோடு என்பது பல்லின் மேலோடான எனாமலிலிருந்து தாதுச் சத்து கரைந்து போனதன் முதல் அடையாளம். குழி விழாதவரை அதை மீட்க முடியும். மருத்துவர் ஃபுளோரைடு பூச்சு பூசினார், புட்டியை நிறுத்தச் சொன்னார். மூன்று இரவுகள் அழுதான், நான்காவது இரவு தண்ணீரோடு தூங்கினான். பழுப்பு விழுந்த பல்லை மட்டும் அடைக்க வேண்டியதாயிற்று.

இங்கே சிங்கப்பூரில், தொடக்கப்பள்ளியில் சேர்ந்தால் பள்ளிப் பல் மருத்துவச் சேவை இருக்கிறதே என்று காத்திருப்பதும் தவறு. அது நல்ல சேவை, என் மகளுக்கு மிகவும் உதவியது. ஆனால் பால் பல் சொத்தை 2, 3 வயதிலேயே தொடங்கிவிடும். முதல் பல் முளைத்ததும், முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே உதட்டைத் தூக்கிப் பாருங்கள், அரை நிமிடம் போதும்.

சர்க்கரை என்றதும் எவ்வளவு என்று மட்டும் கணக்குப் போடுகிறோம். பல்லுக்கு எத்தனை முறை என்பதுதான் பெரிய கேள்வி. ஒவ்வொரு வாய் இனிப்புக்கும் கிருமிகள் அமிலம் சுரக்கும். அதை உமிழ்நீர் சமன்செய்ய அரை மணி நேரம்கூட ஆகும். அலுவலக மேசையில் ஒரு தே தாரேவை, அதாவது இனிப்பான பால் தேநீரை, இரண்டு மணி நேரம் வைத்து உறிஞ்சினால், அந்த இரண்டு மணி நேரமும் பல் அமிலத்தில் கிடக்கிறது. அதே தேநீரைச் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிட்டால் பாதிப்பு மிகவும் குறைவு. பானங்களின் சர்க்கரை அளவை 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேடு குறியீட்டைப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம். 'டி' என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஆனால் எவ்வளவு நேரம் உறிஞ்சுகிறோம் என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. காப்பிக் கடையில் "தே ஓ கோசோங்", அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், கேட்டுப் பழகிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புப் பையில் இருக்கும் பிஸ்கட்டும் பல்லில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும், அதையும் பாருங்கள்.

சிங்கப்பூரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். அது நமக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. அதை மட்டும் நம்பி, இயற்கையானது என்று ஃபுளோரைடு இல்லாத பற்பசையை வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. 3 வயதுக்குள் அரிசி மணி அளவும் அதற்கு மேல் பட்டாணி அளவும் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் ஃபுளோரைடு பல்லில் தங்கும். 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும்.

இனி ஈறு. அம்மா துப்பும்போது கழுவுதொட்டியில் இளஞ்சிவப்பு தெரிவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். ரத்தம் வரும் இடத்தை அம்மா துலக்காமல் விட்டுவிடுவார். அழுக்கு தங்கித்தான் ஈறு வீங்குகிறது, அங்கே துலக்காமல் விட்டால் இன்னும் தங்கும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் துலக்க வேண்டும். வெறும் ஈறு அழற்சியாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் வராது, அதனால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

"கிளீன் பண்ணா பல்லு ஆடும்" என்று அம்மா பிடிவாதமாக ஸ்கேலிங்கை, அதாவது பல்லில் படிந்த காறையைச் சுரண்டி எடுப்பதைத் தள்ளிப்போட்டார். கடைசியில் போனபோது மருத்துவர் சுரண்டி எடுத்த ஒரு துண்டைக் காட்டினார். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் இருந்தது. அரிசி உமி அளவு, பழுப்பு நிறம், கல்போல் கடினம். அந்தக் காறை ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பை வருடக்கணக்கில் கரைத்திருந்தது. பல் முன்பே ஆடியிருக்கிறது, காறை சிமெண்டுபோல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, சில நாள் பல் கூசுகிறது, பழி ஸ்கேலிங்கின் மேல் விழுகிறது. அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் நம் வீடுகளில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

"ஊருக்குப் போறப்போ பார்த்துக்கலாம்" என்பதும் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. என் அண்ணன் டிசம்பர் விடுமுறைக்காக எட்டு மாதம் சொத்தையோடு காத்திருந்தார். ஒரு ஃபில்லிங்கில் முடிய வேண்டியது ரூட் கெனால் என்ற பல்வேர்ச் சிகிச்சை வரை போனது. அதற்குச் சில முறை போய் வர வேண்டும், விடுமுறையோ இரண்டு வாரம். பாதி வேலையோடு திரும்பி இங்கே வந்து முடித்தார். செலவுதான் கவலை என்றால், பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்) பலவற்றில் பல் சிகிச்சை உண்டு. நீலம், ஆரஞ்சு சாஸ் (அரசின் மருத்துவ மானியத் திட்டம்) அட்டை வைத்திருப்போருக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினர் என்று அழைக்கப்படும் மூத்தோருக்கும் அந்தத் திட்டத்தில் உள்ள தனியார் பல் மருந்தகங்களில் மானியம் கிடைக்கும்.

வலி வந்த இரவில் கிராம்பு எண்ணெயையோ மாத்திரையைப் பொடித்தோ ஈறில் வைக்காதீர்கள், ஈறு புண்ணாகிவிடும். வலி மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். வலி தானாக நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நரம்பு செத்திருக்கலாம், சீழ் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும். கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்கவோ வாயைத் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.