கதைக்குள் ஓர் அறை: அலங்கரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்போ பேகின்ஸின் வீடு என்றதும் பச்சை நிற வட்டக் கதவும், அதன் நட்டநடுவில் மின்னும் பித்தளைக் குமிழும்தான் நினைவுக்கு வரும். பில்போ நாயகனாக வரும், டோல்கீன் எழுதி 1937-இல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நாவலின் தொடக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நடைகூடத்தில் தொப்பியும் கோட்டும் மாட்ட ஏகப்பட்ட கொக்கிகள். பில்போவுக்கு விருந்தாளிகள் வந்தால் பிடிக்கும் என்று டோல்கீன் அங்கேயே காரணமும் சொல்லிவிடுகிறார். கதவைப் பார்த்தால் வீடு தெரிகிறது, கொக்கிகளைப் பார்த்தால் ஆளே தெரிகிறார்.

ஒரு கதாபாத்திரத்தை மனதில் வைத்து அறை அமைப்பவர்கள் பெரும்பாலும் கதவோடு நின்றுவிடுகிறார்கள். அதையும்விடச் சுலபமான வழி முகத்தை ஒட்டிவிடுவது. சுவரில் ஸ்டிக்கர், மெத்தை விரிப்பு, திரைச்சீலை, கடிகாரம், குப்பைத்தொட்டி என எங்கும் ஒரே முகம். என் மகளின் அறையை முதலில் நான் அப்படித்தான் செய்தேன். சில மாதங்களில் அந்தப் படங்கள் அவள் கண்ணில் படுவதே நின்றுபோனது. அடுத்த வருடம் அவள் வேறொரு கதைக்குப் போய்விட்டாள். ஸ்டிக்கரை உரித்தபோது பெயின்ட்டும் சேர்ந்து வந்தது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் கதையைக் கையில் பென்சிலோடு ஒருமுறை திரும்பப் படித்துவிடுங்கள். அவர் எங்கே உட்காருகிறார், எதைச் சேர்த்து வைக்கிறார், யாரை எதிர்பார்க்கிறார், எதை ஒளித்து வைக்கிறார்? இந்தப் பதில்கள்தான் அறைக்குள் வர வேண்டும். கண்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கும் கதாபாத்திரம் என்றால் சின்னச் சின்ன அறைகள் உள்ள திறந்த அலமாரி. எப்போதும் கிளம்பத் தயாராக இருப்பவர் என்றால் வாசலருகே ஒரு பெட்டி, ஒரு வரைபடம், பை மாட்ட ஓர் ஆணி. முகம் எங்கேயும் இல்லாமலே கதை படித்தவர்களுக்குப் புரிந்துவிடும், படிக்காதவர்களுக்கும் அது நல்ல அறையாகவே இருக்கும்.

நிறத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. லூயிஸ் கரோலின் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ கதையில் வரும் ஆலிஸ் என்றால் நீலம் என்று முடிவு கட்டி நான்கு சுவரையும் நீலமாக்கிவிடுகிறோம். 1865-இல் வந்த முதல் பதிப்பில் ஜான் டெனியல் வரைந்த படங்கள் கறுப்பு வெள்ளை. சின்னக் குழந்தைகளுக்காக 1890-இல் வந்த வண்ணப் பதிப்பில் ஆலிஸின் கவுன் மஞ்சள். நீலம் நம் மனதில் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்ததில் 1951 டிஸ்னி படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, ஒரு படத்தின் நிறத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. அந்தக் கதையின் உயிர் அளவுகள் மாறுவதில் இருக்கிறது. தாழ்வான ஒரு திரையை விலக்கினால் அதன் பின்னால் ஏறத்தாழ 15 அங்குல உயரத்தில் குட்டிக் கதவு ஒன்று இருக்குமே, அதை அப்படியே செய்யலாம். சுவரின் அடிப்பகுதியில் ஒரு சிறு திரை, அதன் பின்னால் 38 செ.மீ. கதவு, கதவுக்குள் ஒரு சின்ன அலமாரி. தவழ்ந்து வரும் குழந்தைதான் முதலில் கண்டுபிடிக்கும். ஓர் அறையில் இப்படி ஒரு ரகசியம் இருந்தால் போதும். பத்து இருந்தால் எதுவும் ரகசியமாக இருக்காது.

அளவோடு விளையாடலாம், ஆனால் உடம்பு படும் இடங்களில் வேண்டாம். நாற்காலியில் உட்காரும் உயரம் ஏறத்தாழ 45 செ.மீ., மேசை 75 செ.மீ. என்பதெல்லாம் நம் முழங்காலும் முழங்கையும் கேட்கும் அளவுகள். நாற்காலியின் முதுகுப் பலகையைக் கூரை வரை நீட்டுங்கள், உட்காரும் பலகையைத் தொடாதீர்கள். படிக்கட்டில் ஒரு படியை வேண்டுமென்றே உயரமாக்குவது ஆபத்து. முதல் இரண்டு படியிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிவிடும், மாறும் படியில் தடுக்கும். வட்டக் கதவிலும் இதே சிக்கல்தான். அதன் கீழ்வளைவு தாண்ட வேண்டிய வாசற்படியாக நிற்கும். குமிழ் நடுவில் இருந்தால், ஓரத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டும். வழக்கமான கதவையே வைத்து, அதன் மேல் வட்டமாகச் சட்டம் அடித்து வண்ணம் பூசுவது நல்லது.

இன்னொரு தவறு, அறையைக் கண்காட்சியாக மாற்றிவிடுவது. ஷெர்லாக் ஹோம்ஸின் அறையை 1951-இல் பிரிட்டன் திருவிழாவையொட்டி லண்டனில் ஒரு கண்காட்சிக்காகக் கதைகளில் உள்ளபடியே அமைத்தார்கள். பிறகு அது ஒரு மதுக்கூடத்தின் மாடிக்குப் போனது. அங்கே அதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கென்றே செய்ததால் அது சரி. ஆனால் நம் அறையில் யாராவது தூங்க வேண்டும், படிக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும். ஹோம்ஸ் பதில் எழுதாத கடிதங்களைக் கணப்பின் மரப்பலகையில் கத்தியால் குத்தி வைப்பார், புகையிலையைப் பாரசீகச் செருப்பின் நுனியில் வைத்திருப்பார். இதிலிருந்து எடுக்க வேண்டியது கத்தியை இல்லை, பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் பொருளை வைக்கும் அந்தக் குறும்பை. பென்சில்களைத் தேநீர்க் கெண்டியில் வையுங்கள். சாவிகளைப் பழைய ஷூவில் போடுங்கள். தினமும் கை போகும் இடத்தில் குறும்பு இருந்தால்தான் அது பழசாகாது.

வெளிச்சத்தைப் பலரும் கடைசியில் யோசிக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம், ஏனென்றால் பாதி மாயம் அதில்தான் இருக்கிறது. கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு போட்டால் நிழல்கள் காணாமல் போய், கஷ்டப்பட்டுச் செய்த எல்லாம் தட்டையாகிவிடும். 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) உள்ள மஞ்சள் ஒளி பல்புகளை இரண்டு மூன்று இடங்களில் தாழ்வாக வையுங்கள். அதே அறையில் 6500 கெல்வின் வெள்ளை பல்பைக் கலக்காதீர்கள். படிக்கும் இடத்துக்கு மட்டும் தனியாக, பிரகாசமாக ஒன்று. பெயின்ட் நிறத்தையும் இந்த விளக்குகளின் கீழேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய அட்டையில் பூசி, காலையிலும் இரவிலும் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

அப்புறம் பாதுகாப்பு. துணிக் கூடாரமோ காகித மேகமோ தொங்கவிட்டால் பல்பிலிருந்து தள்ளியே இருக்கட்டும், எல்.இ.டி. பல்பும் சூடாகும். உயரமான அலமாரியைச் சுவரோடு கோணப் பட்டையால் இறுக்கிவிடுங்கள், குழந்தைகள் அதை ஏணியாகத்தான் பார்ப்பார்கள். ஒளிந்து விளையாடும் பொந்து கட்டினால் காற்று வரத் துளைகள் வேண்டும், வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கூடவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்கவும் வேண்டாம். என் மகளின் அறையில் இப்போது ஒரு தட்டு காலியாக இருக்கிறது. அவளுடைய புதுக் கதைக்கு வால் முளைத்த நண்பன் ஒருவன் வரப்போகிறானாம், அது அவன் உட்காரும் இடம்.