தேயிலைத் தோட்டத்துல இருக்குற சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிங்க

இலங்கை மலையகத்துல சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறவங்க ஒன்னு மனசுல வச்சுக்கங்க, நீங்க போறது ஒரு வீட்டுக்கு இல்ல, முழு லயத்துக்கும், அதாவது தோட்டத் தொழிலாளிங்க வீடுங்க வரிசையா ஒட்டி இருக்குற லைனுக்கும். லண்டன்லயும் டொரன்டோவுலயும் மெசேஜ் போட்டு டைம் கேட்டுப் போய்ப் பழகிட்டோம், ஆனா அங்க வெள்ளக்காரன் காலத்து லைன்ல 10 அடிக்கு 12 அடி காம்பரா (அறை), ஒரே கூரை, ஒரே நீட்டு வாசல், நீங்க படியில ஏறி வர்றப்பவே கடைசி காம்பரா வரைக்கும் சேதி போயிரும். தனி வீடு கட்டிக் குடுத்த தோட்டங்களும் இப்ப இருக்கு, பழக்கம் என்னவோ மாறல. ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம்னு நினைச்சா அரை நாள்னு எழுதிக்கங்க, நாலு வீட்டுலயாவது தேத்தண்ணி குடிக்காம விடமாட்டாங்க. வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க, "அரை கப் போதும் அத்தை"ன்னா யாருக்கும் மனசு நோகாது. சீனி ஆகாதவங்க முன்னாடியே சொல்லிருங்க, சீனியைத் தனியா உள்ளங்கையில வச்சுக் குடிக்கிறது அங்க பழசு, அதனால சீனி போடாத வெறும் சாயத் தேத்தண்ணி கேட்டாலும் யாரும் ஒரு மாதிரியா பார்க்க மாட்டாங்க. சிலர் இங்கிருந்து டீ பேக் பெட்டி வாங்கிட்டுப் போறாங்க, தேயிலைத் தோட்டத்துக்கே தேயிலையா, நல்லா சிரிப்பாங்க.

எப்ப போறதுங்கிறது தான் நெறைய பேர் கோட்டை விடுற இடம். வேலை நாள்ல காலையில பதினொரு மணிக்குப் போனா வயசானவங்களும் சின்னப் புள்ளைங்களும் தான் இருப்பாங்க, மத்தவங்க கொழுந்து பறிக்கிற மலையில இருந்து வர சாயந்தரம் ஆயிரும், உங்களுக்காக லீவு போட்டா அன்னிக்குப் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் போச்சு. 2024ல தான் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆச்சு, அந்த நாள் கூலியையும் இழக்க வச்சுட்டு விருந்து சாப்பிடுறது நல்லாவா இருக்கு? ஞாயித்துக்கிழமை போங்க. இளந்தாரிங்க பாதிப் பேர் கொழும்புல கடையிலயும் ஹோட்டல்லயும் வேலைக்கு நிக்கிறாங்க, அவங்களையும் பார்க்கணும்னா தீபாவளிக்கோ தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கோ போகணும், திருவிழா தோட்டத்துக்குத் தோட்டம் வேற வேற நாள், போன் பண்ணிக் கேட்டுக்கங்க, கோயில் வரியும் கேப்பாங்க, சந்தோஷமா குடுங்க.

ரயில்ல போனா மஸ்கெலியா, பொகவந்தலாவைக்காரங்க ஹட்டன்ல இறங்கணும், நுவரெலியாவுக்கு ஸ்டேஷனே கிடையாது, நானுஓயாவுல இறங்கி பஸ்ஸோ த்ரீவீலோ (ஆட்டோ) தான். ரிசர்வ் சீட் சீக்கிரம் முடிஞ்சிரும். கூகுள் மேப்பை நம்பாதீங்க, லயத்து வீட்டுக்கெல்லாம் பெரும்பாலும் தெரு நம்பர் கிடையாது, தோட்டத்துப் பேர், மேற்கணக்கா கீழ்க்கணக்கா (தோட்டத்தோட மேல் பிரிவா கீழ்ப் பிரிவா), எத்தனாவது லயம், இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அங்க யாராவது வயசானவர் எந்திரிச்சு நின்னு "சார்"னு கூப்பிட்டா கூச்சமா தான் இருக்கும், பாட்டன் பேரைச் சொல்லி இன்னாரு பேரன்னு சொல்லுங்க, அடுத்த நிமிஷம் "அடேய் நம்ம புள்ள"ன்னு பேச்சே மாறிரும்.

தங்குறதுக்கு பழைய துரை (தோட்டத்து மேனேஜர்) பங்களாக்களை ஹோட்டலா மாத்தி வச்சிருக்காங்க, அழகு தான், ஆனா சொந்தத்தைப் பார்க்க வந்துட்டு அங்க தங்காதீங்கன்னு தான் நான் சொல்லுவேன், தாத்தா தொப்பியைக் கழட்டிட்டு நின்ன வாசல்ல அத்தை உங்களைப் பார்க்க எப்படி வரும்? ஹட்டன், கொட்டகலை டவுன்ல சாதாரண லாட்ஜ் இருக்கு. லயத்துலயே தங்கச் சொன்னா ஒரு ராத்திரி தங்குங்க, குளிக்க அடுப்புல வெந்நி வச்சுத் தருவாங்க, ஜனவரியில நுவரெலியா பக்கம் உறைபனி விழும், ஸ்வெட்டர் இல்லாமப் போயிராதீங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஹட்டன் பக்கம் மழை, கூடவே ரத்தம் குடிக்கிற அட்டை, உப்போ சோப்போ கையில இருந்தாப் போதும்.

சாமான் குடுக்குறதுல கவனம். ஒரு வீட்டுக்கு மட்டும் பெரிய பையோட போனா நீங்க பிளேன் ஏறின பிறகு அந்த வீட்டுக்காரங்க தான் பக்கத்து காம்பராக்காரங்க மூஞ்சியில முழிக்கணும். சாக்லேட், பிஸ்கட், கொப்பி (நோட்டு), பேனான்னு லயத்துக்கே பொதுவா டவுன்லயே வாங்கிக்கங்க, காசை மடிச்சு வீட்டுப் பொம்பளையாள் கையில தனியா குடுங்க. குடுத்ததை பவுண்டுல மாத்திச் சொல்லிக் காட்டாதீங்க, தயவுசெஞ்சு. கொழுந்து எடுக்குறவங்களை ரோட்டோரம் நிறுத்தி போட்டோ எடுக்குறது டூரிஸ்ட் வேலை, உங்க சின்னம்மாவும் அதே கூடையைத் தான் சுமக்குது, கேட்டுட்டு எடுங்க.

கிளம்புறது மட்டும் அஞ்சு மணிக்கு முன்னாடி. மூடுபனி இறங்கினா தோட்டத்து ரோட்டுல த்ரீவீல்காரங்க வர யோசிப்பாங்க, கொண்டாந்து விட்டவர்கிட்டயே நம்பரை வாங்கிட்டு திரும்ப வர்ற கூலியையும் அப்பவே பேசிக்கங்க, லயத்துக்குள்ள சிக்னல் கிடைக்காட்டி கோயில் மேட்டுக்கு ஏறிப் பாருங்க.