வொர்க்‌ஷாப்பில் விட்ட கார் சேதமானால் இழப்பீடு கேட்பது எப்படி?

ஏசி பழுதுக்காக அண்ணா நகரில் விட்ட காரை வொர்க்‌ஷாப் ஊழியர் ஒருவர் இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓட்டிச்சென்று இடித்துவிட்டால், ‘அந்தப் பையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம்’ என்று உரிமையாளர் கைகழுவப் பார்க்கலாம். அதோடு நீங்கள் திரும்பிவிட வேண்டியதில்லை. காரை நீங்கள் ஒப்படைத்தது அந்தப் பையனிடம் அல்ல, நிறுவனத்திடம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 151ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் கவனிப்பதுபோலக் கவனிக்கச் சொல்கிறது. 154ஆம் பிரிவோ, ஒப்புக்கொண்ட நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தும்போது நேரும் சேதத்துக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. பழுதைச் சோதிக்க ஓட்டிப் பார்ப்பது வேறு, ஊர் சுற்றுவது வேறு.

எனவே ஆதாரமே முக்கியம். காரை விடும்போதே ஓடோமீட்டரையும் நான்கு பக்கங்களையும் படமெடுத்து, கிலோமீட்டர் அளவை ஜாப் கார்டில் (பழுது வேலைகளைக் குறிக்கும் சீட்டில்) எழுதச் சொல்லுங்கள். கார் சுங்கச்சாவடியைக் கடந்திருந்தால் ஃபாஸ்டேக் கணக்கில் நேரத்தோடு பதிவாகியிருக்கும். பலரும் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். சேதத்தைக் கண்டதும், வேறொரு வொர்க்‌ஷாப்பில் செலவு மதிப்பீடு வாங்கி, தொகையையும் கெடுவையும் குறிப்பிட்டுப் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

பதில் வராவிட்டால், சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பார்ப்பதிலும் தவறில்லை.