பழைய படத்துப் பையனின் சாக்ஸில் நாம் செய்யும் தவறுகள்

பழைய ஐரோப்பிய, அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துக் கலர் கொடுத்துப் போடுவது இப்போது நிறையப் பேருக்குப் பிடித்த வேலை. எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் படங்களில் நிற்கும் பையன்களின் கால் பக்கம் வந்ததும் பலர் சறுக்கிவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் ஒரு பையன் எந்த நாட்டுக்காரன், எந்தக் காலத்தவன், அவனுக்கு என்ன வயசு என்பதையெல்லாம் முகத்தை விடக் கால்தான் சில சமயம் தெளிவாகச் சொல்கிறது.

அதிகம் நடக்கும் தப்பு, ஸ்டாக்கிங்ஸை, அதாவது காலை மூடி ஏறும் நீளக் காலுறையைப் பார்த்ததும் "சிறுமி" என்று எழுதிவிடுவது. ஸ்டாக்கிங்ஸ் பெண்களுக்கானது என்ற எண்ணம் நம் காலத்தது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்களின் கால்சட்டை முட்டிக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும், அதற்குக் கீழே தெரிவதெல்லாம் ஸ்டாக்கிங்ஸ்தான். பெண்களும் போட்டார்கள், ஆனால் அது பாவாடைக்குள் மறைந்திருந்தது. காலைக் காட்டிக்கொண்டு நடந்தவர்கள் ஆண்கள். 1890களில் அமெரிக்கத் தெருவில் பந்து விளையாடிய பையனும் முட்டியோடு நிற்கும் நிக்கர் போட்டு, உள்ளே தொடை வரை ஏறும் கறுப்புப் பருத்தி ஸ்டாக்கிங்ஸ் போட்டிருந்தான். முட்டியில் அது கிழிந்துகொண்டே இருக்கும், அம்மா உட்கார்ந்து நூல் ஓட்டி அடைத்துக்கொண்டே இருப்பார். முட்டியில் கட்டம் கட்டமாக நூல் இழைத்த தடம் தெரிந்தால் அது அந்த அம்மாவின் கைவேலை, அதைப் படத்தின் அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். கவுன் போட்ட குழந்தையிலும் இதே கவனம் வேண்டும். நாலிலிருந்து ஏழு வயசுக்குள் முதல் கால்சட்டை போட்டுவிடும் வரை ஆண் பிள்ளைகளுக்கும் அந்தக் காலத்தில் கவுன்தான்.

அடுத்தது சொல் குழப்பம். தமிழில் எல்லாவற்றையும் சாக்ஸ் என்று சொல்லிவிடுகிறோம், எழுதும்போது காலுறை. தாத்தா காலத்தில் மேஜோடு என்ற சொல்லும் இருந்தது. ஆனால் கணுக்காலோடு நிற்பது, முட்டி வரை வருவது, தொடை வரை ஏறுவது, இடுப்பு வரை ஒரே உடுப்பாக வருவது என்று நான்கும் நான்கு சரித்திரம். கடைசியில் சொன்னது டைட்ஸ். குழந்தைகளுக்கு அது ஐரோப்பாவில் பரவலானது 1960களில்தான். ஆகவே 1930களில் எடுத்த ஜெர்மானியப் பையன் படத்தைப் போட்டு "டைட்ஸ் அணிந்திருக்கிறான்" என்று எழுதினால் அது முப்பது வருஷத் தப்பு.

அவன் போட்டிருந்தது இரண்டு தனித்தனி ஸ்டாக்கிங்ஸ். அது எப்படி நின்றது என்று கேட்டால், சட்டைக்குள் ஒரு கையில்லாத துணி பாடி இருக்கும், ஜெர்மனியில் அதற்கு லைப்ஷென் என்று பெயர். அதிலிருந்து எலாஸ்டிக் நாடா தொடை மேல் இறங்கும், நாடாவின் நுனியில் சின்னதாக ஒரு ரப்பர் பொத்தானும் ஒரு கம்பி வளையமும். ஸ்டாக்கிங்ஸின் விளிம்பைப் பொத்தான் மேல் போர்த்தி, வளையத்தை அதன் மேல் மாட்டி இழுத்தால் துணி இறுகிப் பிடித்துக்கொள்ளும். சோவியத் நாட்டுப் பையன்களுக்கும் இதே மாதிரி ஏற்பாடுதான், போருக்குப் பிறகும் வெகுநாள் இருந்தது. அரைக்கால் சட்டை குட்டையாக இருந்தால், பையன் உட்காரும்போது அந்த நாடா லேசாக வெளியே தெரியும். படத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் அதைக் கீறல் என்று அழித்துவிட வாய்ப்பு அதிகம், தயவுசெய்து பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சரி, நிறம். இங்கேதான் நான் ரொம்ப நேரம் உட்காருவேன். படத்தில் கறுப்பாக இருக்கிறது என்பதற்காக அது கறுப்பு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் புகைப்படத் தகடுகள் நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும், சிவப்பைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அதனால் செக்கச் செவேல் என்ற ஸ்டாக்கிங்ஸ் படத்தில் கன்னங்கரேல் என்று விழும், நீலமோ வெளுத்துப்போய்க் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். 1870களில் பிள்ளைகளுக்குச் சிவப்பும் பட்டைக் கோடு போட்டதும் நாகரிகமாக இருந்த காலம், ஆகவே அந்தக் காலத்துப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு கறுப்பு அடிப்பது ஆபத்து. ஆனால் 1890களுக்கு வந்துவிட்டால் கறுப்பு என்பது நியாயமான ஊகம். அதற்கு முன்னால் கறுப்புச் சாயம் வேர்வையில் காலில் ஒட்டும், துவைத்தால் பச்சை பாயும். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துச் சாயக்காரர்கள் போகாத கறுப்பைக் கொண்டுவந்த பிறகு அமெரிக்க விளம்பரங்களிலேயே அந்தச் சாயத்தின் பெயரைப் போட்டு விற்றார்கள். அழுக்கு தெரியாத நிறம், அம்மாக்கள் விடுவார்களா?

மஞ்சளுக்கும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்று ஒரு பள்ளி, பெயரில்தான் ஹாஸ்பிடல். 1552இல் லண்டனில் தொடங்கியது, 1902இல் ஹார்ஷம் ஊருக்கு மாறியது. அங்கே படிக்கும் பையன்கள் நீண்ட நீலக் கோட்டும் மஞ்சள் ஸ்டாக்கிங்ஸும் போடுவார்கள், இன்றைக்கும் போடுகிறார்கள். மிகப் பழைய தகடுகளில் மஞ்சளும் இருண்டுதான் விழும், நீலக் கோட்டு உண்மையில் இருப்பதை விட வெளிறித் தெரியும். விஷயம் தெரியாமல் கலர் கொடுத்தால் கோட்டும் கெட்டது, காலும் கெட்டது.

ஓவியத்தை நம்பி ஏமாறுவதும் உண்டு. ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ 1770 வாக்கில் வரைந்த நீல உடைப் பையன், இப்போது கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறான். 1770இல் பையன்கள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று அந்தப் படத்தைக் காட்டாதீர்கள். அது 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வான் டைக் காலத்து உடை, அதாவது நூறு வருஷத்துக்கும் மேல் பழையது, படத்துக்காகப் போட்டுக்கொண்ட வேஷம்.

ஒரு நாட்டு வழக்கத்தை இன்னொரு நாட்டோடு கலந்துவிடுவது இன்னொரு தப்பு. சாம்பல் நிற முட்டி சாக்ஸ், மேலே மடிப்பில் பள்ளியின் வண்ணத்தில் கோடு, அரைக்கால் சட்டை என்றால் அது பெரும்பாலும் இங்கிலாந்து. பிரான்ஸில் கணுக்கால் சாக்ஸ் போட்டவர்கள் அதிகம். அமெரிக்காவில் 1920களில் நிக்கரோடு கட்டம் போட்ட முட்டி சாக்ஸ் வந்தது, 1940களில் பெரும்பாலான பையன்கள் முழுக்கால் சட்டைக்கு மாறிவிட்டார்கள். ஆகவே 1950 நியூயார்க் கதைக்கு ஓவியம் போடும்போது லண்டன் பையனின் காலை ஒட்டவைக்க வேண்டாம்.

சாக்ஸ் தானாக நிற்கும் என்று நினைப்பதும் தப்புதான். சாக்ஸின் மேல்விளிம்பிலேயே ரப்பர் இழை சேர்த்துப் பின்னுவது 1930களில்தான் வந்தது. அதற்கு முன்னால் முட்டி சாக்ஸின் மடிப்புக்குள் ஒரு எலாஸ்டிக் வளையம் ஒளிந்திருக்கும். 1908க்குப் பிறகு பரவிய சாரணர் சீருடையில் அந்த வளையத்திலிருந்து சின்னத் துணி நாக்கு ஒன்று வெளியே தொங்கும், பார்த்திருப்பீர்கள். சாரணர் சீருடை வழியாக அது நம் ஊருக்கும் வந்தது. தளர்ந்த பள்ளி சாக்ஸுக்கு நாங்கள் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டோம், சாயங்காலம் கழற்றினால் கெண்டைக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பள்ளம் இருக்கும், சொறிந்துகொண்டே வீட்டுப்பாடம் எழுதுவோம். வளையம் இல்லாத பழைய சாக்ஸ் முட்டியில் விறைப்பாக நிற்பது போல யாராவது வரைந்தால் எனக்கு அந்தப் பள்ளம்தான் ஞாபகம் வரும்.

கடைசியாக ஒன்று. பழைய சாக்ஸ் எல்லாமே இரண்டு ஊசியில் பின்னியது என்று எழுதிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் இடைக்காலத்து நீளக் காலுறைகள் பெரும்பாலும் நெய்த துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்தவை. அதற்கும் முன்னால் எகிப்தின் அன்டினோபோலிஸ் நகரத்துக் குப்பை மேட்டில் கிடைத்த ஒரு குழந்தையின் சாக்ஸ், சுமார் 1,700 வருஷம் பழையது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பட்டை பட்டையாகப் பல நிறம். 2018இல் ஆராய்ந்து பார்த்தபோது மஞ்சிட்டி இனச் செடியின் சிவப்பு, வோட் இலையின் நீலம், வெல்ட் செடியின் மஞ்சள் என்று மூன்றே சாயத்தைக் கலந்துதான் அத்தனை நிறமும் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அது பின்னல் இல்லை, ஒற்றை ஊசியில் சின்னச் சின்னத் துண்டுகளான கம்பளி நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் செய்தது. பையனுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல அதில் ஓர் அடையாளமும் இல்லை, ஆகவே அப்படி எழுதவும் வேண்டாம். இடது கால் சாக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. செருப்பு வார் நுழைவதற்காகக் கட்டைவிரலுக்குத் தனியாக ஓர் அறை விட்டிருக்கிறார்கள்.