இலவச கேமை ‘மொக்கை’ என்று சொல்வதற்கு முன்

கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்கள், தோற்றவனிடம் "மோசமா ஆடின" என்று சொல்லி நிறுத்துவதில்லை. "ரெட் காயைப் போட்டியே, ஃபாலோவுக்கு எந்தக் காயை வச்சிருந்த?" என்று கேட்பார்கள். தவறு எந்த அடியில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். இவ்வளவு கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளே, யாரோ ஒருவர் தனியாக உழைத்து இலவசமாகக் கொடுத்த வீடியோ கேமை ஆடிவிட்டு "மொக்கை ப்ரோ" என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியில் வாரம் ஒருநாள் கூடி இந்த இண்டி கேம்களை ஆடுகிறோம். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட தவறுகள் இவை.

தேடும் இடத்திலேயே தவறு தொடங்குகிறது. ப்ளே ஸ்டோரில் ‘இலவசம்’ என்று தேடினால் பெரும்பாலும் விளம்பரத்தாலும், உள்ளே போனபின் கேட்கும் காசாலும் ஓடுகிற கேம்கள்தான் முன்னால் வரும். தனி ஆட்கள் செய்தவை வேண்டுமென்றால் 2013-இல் தொடங்கிய இட்ச்.ஐஓ தளத்துக்குப் போங்கள். செய்தவரே நேரடியாக ஏற்றுகிறார். பலர் விலையை நம் விருப்பத்துக்கே விடுகிறார்கள். ஆனால் அங்கேயும் பிரபலமானவை பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள். குறித்த நேரத்துக்குள் கேம் செய்யும் கூட்டு நிகழ்வான ‘கேம் ஜாம்’ பக்கங்களைத் திறந்து பாருங்கள். 2002 முதல் நடக்கும் ‘லூடம் டேர்’ என்ற ஜாமில் 48 மணி நேரத்துக்குள் ஒருவரே ஒரு முழு கேமைச் செய்யும் பிரிவு உண்டு. புது யோசனைகள் கொட்டிக் கிடப்பது அங்கேதான்.

இலவசம்தானே என்று வேறு ஏதோ தளத்தில் கிடைக்கும் பிரதியை இறக்காதீர்கள். வைரஸ் பயம் ஒருபுறம். செய்தவர் பிழை திருத்திப் போட்ட புதிய பதிப்பு அங்கே வந்திருக்காது என்பது இன்னொருபுறம்.

படத்தின் தரத்தைப் பார்த்ததும் மூடிவிடுவது அடுத்த தவறு. தாவித் தாவி மலை ஏறும் ‘செலஸ்ட்’ கேமின் முதல் வடிவம் பிக்கோ-8 என்ற மென்பொருளில், நான்கே நாளில் பிறந்தது. அதன் திரை 128-க்கு 128 புள்ளிகள். நிறங்கள் 16 மட்டும். அது இன்றும் இலவசம். அதை வளர்த்துத்தான் 2018-இல் விலைக்கு விற்கும் முழு ‘செலஸ்ட்’ வந்தது. முதல் வடிவத்தை ஆடிப் பார்த்தால், தாவலும் காற்றில் பாய்ச்சலும் எவ்வளவு கச்சிதம் என்று கை சொல்லும்.

நான் அதிகம் கவலைப்படுவது விமர்சனத்தைப் பற்றித்தான். "கன்ட்ரோல் சரியில்லை" என்று எழுதினால் செய்தவருக்கு எதுவும் பிடிபடாது. "இரண்டாவது லெவலில், மேடையின் விளிம்பைத் தாண்டிய கணத்தில் பட்டனை அழுத்தினேன், தாவாமல் விழுந்தேன், நாலு முறை இப்படி ஆனது" என்று எழுதுங்கள். உடனே அவருக்குப் புரியும். காலடியில் தரை இல்லாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் தாவ அனுமதிக்கும் ‘கயோட்டி டைம்’ என்ற உத்தி இருக்கிறது. முழு ‘செலஸ்ட்’டில் அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்ன சலுகை இல்லாவிட்டால் ஆடுபவருக்குத் தன் கை மீதே சந்தேகம் வரும். மருந்தை கேமைச் செய்தவரே கண்டுபிடித்துக்கொள்வார். எங்கே வலித்தது என்று சொன்னால் போதும்.

எந்த லேப்டாப், எவ்வளவு ரேம், பிரவுசரில் ஆடினீர்களா, இறக்கி ஆடினீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ் எழுத்து உள்ள கேம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கேம் செய்யப் பயன்படும் கொடோ எஞ்சின் என்ற மென்பொருளின் பழைய மூன்றாம் பதிப்பில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும், 2023-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அது சரியானது. இப்படி உடைந்த எழுத்தைக் கண்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். தமிழ் தெரியாதவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது.

"ஓசியில கொடுத்தவரை என்ன குறை சொல்றது?" என்று சில தம்பிகள் தயங்குகிறார்கள். 2004-இல் ‘கேவ் ஸ்டோரி’ என்ற கேமை இலவசமாக வெளியிட்ட தைசுகே அமயா, சுமார் ஐந்து ஆண்டுகள் தனியாளாக உழைத்தவர். அப்படி உழைத்தவருக்கு வெறும் கைதட்டல் மரியாதை ஆகாது. கடைசிவரை ஆடி, உள்ளதைச் சொல்வதே மரியாதை.

கேம் செய்பவர்களுக்கும் ஒன்று. அடுத்தவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லாதீர்கள். எங்கள் மாடிக்கு ராயபுரத்துத் தம்பி ஒருவன் தான் செய்த படகு கேமோடு வந்தான். முதல் ஆள் பாறைப் பக்கம் திரும்பியதும், "அண்ணா, ரைட்ல போங்க" என்றான். அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னோம். இரண்டாவது ஆளும் அதே பாறையில் மோதினார், மூன்றாவது ஆளும் மோதினார். அவன் நோட்டை எடுத்து, பாறைக்கு முன்னால் ஒரு விளக்கு வரைந்துகொண்டான்.