அணில் குட்டிக்குப் பாலாடையில் பால் புகட்டாதீர்கள்: காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் முதல் மாதம்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் எங்கள் வீட்டு வேப்பமரத்திலிருந்து அணில் கூடு விழுந்தது. நாரைப் பிரித்தால் உள்ளே கண் திறக்காத ஒரு குட்டி, ஜில்லென்று கிடந்தது. என் பிள்ளைகளுக்குப் புகட்டிய பாலாடையைத் தேடி எடுத்து, வெதுவெதுப்பாகப் பசும்பால் கொடுத்தேன். குடித்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கு வழியாகப் பால் குமிழியாக வந்தது. விடிவதற்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் சென்னையில் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தேன். புதிதாகச் சேர நினைப்பவர்கள் நிறைய பேர் கேட்பதால், முதல் மாதத்தில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: சேருவதற்கு முன்

வனத்துறை நடத்தும் இடமா, இல்லை வனத்துறையின் அனுமதி பெற்ற இடமா என்று முதலில் கேளுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக்கூட வீட்டில் வளர்க்கக் கூடாது. அனுமதி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மனதோடு வேலை செய்தாலும் அது குற்றம்தான்.

அடுத்து ஊசி. டெட்டனஸ் ஊசியும், கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசியும். எத்தனை தவணை, எந்த நாளில் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசி போட்டிருந்தாலும் குரங்கையும் கீரியையும் புதியவர்கள் தொடக் கூடாது. வௌவாலைக் கண்டிப்பாகத் தொடக் கூடாது. 2018இல் கோழிக்கோட்டில், பழந்தின்னி வௌவாலிடமிருந்து தொற்றும் நிபா காய்ச்சல் வந்த பிறகு, பழந்தின்னி வௌவாலைத் துணியால் மூடிவிட்டு, தெரிந்தவர்களைக் கூப்பிடுவதுதான் எங்கள் மையத்தில் வழக்கம்.

படி 2: கூண்டு கழுவுதல்

முதல் மூன்று வாரம் இதுதான் வேலை. பழைய செய்தித்தாளை எடு, கழுவு, காயவை, புதுத்தாள் விரி. சலிக்காமல் செய்யுங்கள். எச்சத்தின் நிறத்தையும் மிச்சம் வைத்த தீனியையும் முதலில் பார்ப்பது கழுவுகிறவர்தான். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசல் போடும்போது பறவையை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். அந்த நெடி அவற்றின் மூச்சுக்கு ஆகாது.

படி 3: பிடிப்பதும் பெட்டியும்

பருந்துக்கு அலகைவிட நகத்தில்தான் பலம். தலையோடு துணியைப் போட்டு மூடியதும் இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கொக்கு, வக்கா (இரவில் இரை தேடும் கொக்கு இனம்) இரண்டும் நேராகக் கண்ணைக் குத்தும். கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். மானை முதல் மாதத்தில் உங்களிடம் விட மாட்டார்கள். துரத்திப் பிடித்த பதற்றத்திலேயே தசை சிதைந்து இறந்துபோகிற உயிர் அது. கிண்டி பக்கம் புள்ளிமான் சாலைக்கு வந்துவிட்டால் கூட்டம் கூடி விரட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

பறவையைக் கம்பிக் கூண்டில் கொண்டுவராதீர்கள். படபடவென்று அடித்துக்கொண்டால் இறகு முறியும். முறிந்த இறகு அப்படியேதான் இருக்கும். அது உதிர்ந்து புதிது முளைக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பறவை நம்மிடம் கைதிதான். காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிதான் என் தேர்வு. உள்ளே பூத்துவாலை விரிக்க வேண்டாம், அதன் நூல் வளையத்தில் குட்டிகளின் நகம் மாட்டிக்கொள்ளும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்தி வேட்டிக்கு ஈடு எதுவும் இல்லை.

படி 4: சூடு, தண்ணீர், தீனி. இந்த வரிசையில் மட்டும்

நான் தவறிய இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மையத்தில் என் கையில் கொடுத்த முதல் அணில் குட்டியும் ஜில்லென்றுதான் இருந்தது. உடனே சிரிஞ்சைத் தேடினேன். அங்கே பல வருடமாக இருக்கும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "குளிர்ந்து கிடக்கிற வயித்துக்குள்ள எதையும் ஊத்தாதம்மா. மொதல்ல சூடு ஏறட்டும்." உடம்பு குளிர்ந்திருந்தால் வயிறு வேலை செய்யாது, உள்ளே போன பால் செரிக்காமல் கெட்டுவிடும். சரியாக விழுங்கவும் தெம்பு இருக்காது, நுரையீரலுக்குள் போய்விடும். எங்கள் வீட்டுக் குட்டியின் மூக்கில் வந்த குமிழி என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. அக்கா முன்னால் நின்றுகொண்டே அழுதுவிட்டேன்.

முதலில் சூடு. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டியின் பாதிப் பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். குண்டு பல்பு வைப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது; எப்போது அதிகமாகக் காய்கிறது என்றே தெரியாது. குட்டியின் வயிற்றை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு தெரிய வேண்டும். அதுவரை வாயில் ஒரு சொட்டும் கூடாது.

அடுத்தது தண்ணீர். தோள்பட்டைத் தோலை மெதுவாகக் கிள்ளி விடுங்கள். கூடாரம் போலத் தூக்கிக்கொண்டே நின்றால் உடம்பில் நீர் இல்லை என்று அர்த்தம். முதல் இரண்டு மூன்று வேளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் மட்டும், மைய மருத்துவர் சொல்லும் அளவில்.

அதற்கப்புறம்தான் பால். பசும்பால் வேண்டவே வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். மையத்தில் வைத்திருக்கும் குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்து, 1 மில்லி சிரிஞ்சில் எடுங்கள். பாலாடை, இங்க் ஃபில்லர் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். எவ்வளவு வேகமாக ஊற்றுகிறோம் என்பது அவற்றில் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. குட்டியை மல்லாத்தாதீர்கள். குப்புற, தலை சற்று மேலே இருக்கும்படி பிடித்து, உதட்டில் ஒரு சொட்டு வைத்து அது நக்கி முடிக்கும்வரை காத்திருங்கள். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் தடவுங்கள். கண் திறக்காத குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கிவிடும் வேலை இது. விட்டுவிட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். குட்டி சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் தராசு சொல்வதையே நம்புங்கள்.

பின்சேர்க்கை: பறவைக்கு வாயில் தண்ணீர் ஊற்றலாமா?

கத்திரி வெயிலில் மயங்கி விழுந்த பருந்துக்கு மூடியால் தண்ணீர் ஊற்றியதாகவும் அது இறந்துவிட்டதாகவும் இந்தப் பதிவைப் படித்த இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். இதை முதலிலேயே எழுதாதது என் பிழை.

பறவை வாயைத் திறக்கும்போது நாக்கு தொண்டையோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அரிசி மணி அளவில் ஒரு துளை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாய் வாசல். நீங்கள் ஊற்றும் தண்ணீர் நேராக அதற்குள் போகும். மயங்கிய பறவையை நிழலான, இருட்டான பெட்டியில் வைத்து மையத்துக்குக் கொண்டுவருவது மட்டும்தான் உங்கள் வேலை. தட்டில் தண்ணீர் வைக்கலாம், ஊற்றக் கூடாது. பாலும் பிரெட்டும் எந்தப் பறவைக்கும் வேண்டாம். பருந்துக் குஞ்சுக்கு எலும்பில்லாத கறி மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துவிடும்.

இன்னொரு கேள்வி: மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காதா? சேர்க்கும். இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சு பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை வராத கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மையத்துக்கு வரும் காக்கைக் குஞ்சு, குயில் குஞ்சுகளில் பல வந்திருக்கவே வேண்டியதில்லை.

படி 5: பேசாதிருத்தல்

பெயர் வைக்காதீர்கள், கொஞ்சாதீர்கள், படம் எடுக்காதீர்கள். நம் குரலுக்குப் பழகிய அணில் வெளியே போனதும் முதலில் பார்க்கும் மனிதரிடம் ஓடும். எல்லா மனிதரும் நம்மைப் போல இருக்க மாட்டார்கள். எனக்கு இன்றுவரை கடினமான படி இதுதான்.

படி 6: விடுவித்தல்

அணிலை ஒரேயடியாக விட்டுவிட முடியாது. கூண்டை மரத்தடியில் வைத்துச் சில நாள் பழக்கி, பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு, தீனியை மட்டும் வழக்கம்போல் வைப்போம். நான் வளர்த்த முதல் குட்டி அப்படித்தான் போனது. முதல் நாள் கதவு வரை வந்து உள்ளேயே திரும்பியது. மூன்றாம் நாள் வேப்பங்கிளைக்கு ஏறியது, இருட்டும் முன் வந்துவிட்டது. அப்புறம் இரவிலும் வரவில்லை, பகலில் மட்டும் கடலை எடுத்துப் போகும். பதினோராம் நாள் காலை வைத்த கடலை மாலையிலும் அப்படியே இருந்தது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.