சட்ட மாணவர்கள் ஹாம்பர்க்கில் ஒரு செமஸ்டர் படிக்க: விண்ணப்பம் முதல் மதிப்பெண் பட்டியல் வரை

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பின் நான்காம் ஆண்டில், பரிமாற்ற மாணவராக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு செமஸ்டர் படித்தேன். அதன் பிறகு ஜூனியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் விசாவும் குளிரும்தான். இரண்டையும் சமாளித்துவிடலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு: அங்கே எழுதும் தேர்வுகள் இங்கே பட்டத்தில் எப்படிச் சேரும்? இதை எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்பட்டால், போன இடத்தில் நிம்மதியாகப் படிக்கலாம்.

படி 1: எந்தச் செமஸ்டரில் போவது?

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் 20 கட்டாயப் பாடங்களையும் 4 செய்முறைப் பாடங்களையும் வகுத்திருக்கின்றன. உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து, அவை எந்தெந்தச் செமஸ்டரில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியமும் வெளிநாட்டில் கிடைக்கும் பாடங்கள் அல்ல. அவை வரும் செமஸ்டரில் போனால், திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும். விருப்பப் பாடங்கள் அதிகம் உள்ள செமஸ்டரே ஏற்றது. பல கல்லூரிகளில் அது நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டின் முதல் பாதியில் அமையும்.

அடுத்தது நாட்காட்டி. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் குளிர்கால வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கின்றன. நமக்கோ ஜனவரியில் அடுத்த செமஸ்டர் தொடங்கிவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகைப்பதிவு தேவை என்பதால், பிப்ரவரி இறுதியில் திரும்புகிறவருக்கு ஆபத்துதான். இந்தச் சிக்கல் இல்லாத இடம் ஹாம்பர்க்கில் உள்ள புசேரியஸ் சட்டக் கல்லூரி. 2000இல் தொடங்கப்பட்ட இது ஜெர்மனியின் முதல் தனியார் சட்டக் கல்லூரி. வெளிநாட்டுப் பரிமாற்ற மாணவர்களுக்கான ஒப்பீட்டு வணிகச் சட்டப் படிப்பு இங்கே செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும், வகுப்புகள் ஆங்கிலத்தில்.

உங்கள் கல்லூரிக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் போகிறவர் பொதுவாகத் தன் சொந்தக் கல்லூரிக்கு மட்டுமே கல்விக் கட்டணம் கட்டுவார். ஒப்பந்தம் இல்லாமல் முழுக் கட்டணம் கட்டிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தைப் பின்னாளில் முதுகலைப் படிப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: பாட இணைப்பைக் கையெழுத்தாக வாங்குங்கள்

ஒரு தாளில் நான்கு நெடுவரிசைகள் போடுங்கள்: அங்குள்ள பாடம், அதன் கிரெடிட், இங்குள்ள இணைப் பாடம், அதன் கிரெடிட். ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று என்பது வகுப்பு, வாசிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் ஊரில் வகுப்பு நேரத்தை வைத்தே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். ஆகவே எண்ணுக்கு எண் பொருத்தாமல், என்ன விகிதத்தில் மாற்றுவார்கள் என்று கேட்டு அதையும் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் இரண்டு பாடங்களுக்கு ஒப்புதல் வாங்கி வைப்பது அவசியம். அங்கே போன பிறகு வகுப்பு நேரங்கள் மோதக்கூடும். டீன் கையெழுத்தோடு நிறுத்தாமல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றப்போவது அவர் அலுவலகம்தான்.

கல்லூரியின் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடிக்க அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியலும் நோக்க விளக்கக் கடிதமும் வேண்டும். ஐரோப்பாவைப் பார்க்க ஆசை என்று அந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். உங்களைக் குடைகிற ஒரு சட்டக் கேள்வியை எழுதுங்கள்.

படி 3: விசாவும் பணமும்

படிப்புக் காலம் 90 நாட்களைத் தாண்டுவதால் ஷெங்கன் சுற்றுலா விசா உதவாது. ஜெர்மன் தேசிய விசா வேண்டும். கட்டணம் 75 யூரோ. சென்னையில் ஜெர்மன் துணைத் தூதரகம் இருப்பது நமக்கு வசதி. நேர்காணல் தேதி கிடைக்கத் தாமதமாகும் என்பதால், சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அந்த வேலையைத் தொடங்குங்கள். செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ என்ற அளவை வைத்துக் கணக்கிட்டார்கள்; விண்ணப்பிக்கும்போது அந்தத் தொகை மாறியிருக்கிறதா என்று தூதரக இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் கல்லூரியில் சேர முடியாது.

படி 4: முதல் இரண்டு வாரங்கள்

வீட்டுக்குள் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் கட்டாயம். அந்தக் கடிதம் தர மறுப்பவரிடம் அறை எடுக்காதீர்கள். முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 551ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சட்ட மாணவர் தன் வாடகை ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திடலாமா? ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் அரிசி, பருப்பைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

படி 5: வகுப்பில் உட்காரும் முன்

இதற்காகத்தான் இவ்வளவு பாடும். 1900 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. புறப்படும் முன் அதில் 433, 929 ஆகிய இரு பிரிவுகளை மட்டும் படியுங்கள். நம் 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தில், குறிப்பிட்ட பொருள் ஒன்றை நிபந்தனையின்றி விற்றால், வேறு எண்ணம் தெரியாதவரை, ஒப்பந்தம் ஆன கணத்திலேயே உரிமை வாங்குபவருக்குப் போய்விடும். ஜெர்மனியில் விற்கும் ஒப்பந்தம் (433) ஒன்று, உரிமையை மாற்றும் ஒப்பந்தம் (929) வேறொன்று. முதலாவது செல்லாமல் போனாலும் இரண்டாவது நிற்கலாம். ஒரு சைக்கிளை வாங்கும்போது இத்தனை சட்டச் செயல்கள் நடக்கின்றனவா என்று வியப்பாக இருக்கும். மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்கும் ஒன்று) இல்லாத உடன்பாடு செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவை மனப்பாடம் செய்த நமக்கு, மறுபயன் என்ற நிபந்தனையே இல்லாத சட்டம் ஒன்று நன்றாக இயங்குவதைப் பார்ப்பது பெரிய திறப்பு.

விடை எழுதும் முறையும் மாறும். யார், யாரிடமிருந்து, எதை, எந்தப் பிரிவின்படி கேட்கிறார் என்பதே அங்கே முதல் கேள்வி. பிறகு அந்தப் பிரிவின் ஒவ்வொரு கூறையும் வரையறுத்து, நடந்த நிகழ்வை அதில் பொருத்தி, கடைசியில்தான் முடிவைச் சொல்ல வேண்டும். தீர்ப்புகளின் பெயர்களை அடுக்கினால் மதிப்பெண் வராது. வாரம் ஒரு சிறு சிக்கலையாவது இப்படி எழுதிப் பழகுங்கள்.

வகுப்பில்லாத காலைகளில் நீதிமன்றம் போங்கள். குற்ற வழக்கு விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை. மொழி புரியாவிட்டாலும், சாட்சியை முதலில் கேள்வி கேட்பவர் நீதிபதியே என்பது கண்ணுக்குத் தெரியும்; வழக்கறிஞர்கள் காத்திருப்பார்கள்.

சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் இருப்பதும் ஹாம்பர்க்கில்தான். 2012இல் கேரளக் கடற்கரைக்கு அப்பால் இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் இறந்த இரு மீனவர்களில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்த வழக்கில் இரு நாடுகளும் தங்கள் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015 ஆகஸ்ட் 24 அன்று இந்தத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. அந்த ஆணையைப் படித்துவிட்டுப் போனால், அங்கே நடத்தப்படும் சர்வதேசச் சட்டம் உங்கள் ஊர்க் கதையாகவே தெரியும்.

படி 6: மதிப்பெண்ணோடு திரும்புங்கள்

ஜெர்மன் சட்டப் படிப்பில் மதிப்பெண் 0 முதல் 18 வரை. 4 எடுத்தால் தேர்ச்சி; 9 என்பது வேலைக்கு எடுப்பவர்கள் மதிக்கும் மதிப்பெண். இதை அறியாத அலுவலகம் 18க்கு 9 என்றால் 50 சதவீதம் என்று போட்டுவிடும். ஆகவே ஹாம்பர்க்கிலிருந்து புறப்படும் முன், மதிப்பெண் அளவுகோலை விளக்கும் அதிகாரபூர்வக் கடிதத்தை அந்தக் கல்லூரியின் சர்வதேச அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வகுப்பில் எத்தனை பேர் எந்த மதிப்பெண் பெற்றார்கள் என்ற பட்டியலும் கிடைத்தால் இன்னும் நல்லது. முகவரிப் பதிவை ரத்து செய்து, அதன் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல் வர ஜனவரி ஆகலாம். அது உங்களுக்கு மட்டுமல்லாமல், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் நேரடியாக அனுப்பப்பட வேண்டும் என்று டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.